முதல் அறுபது அடியில் போன பணம்

நெல்லும் வைக்கோலும் உரமும் ஏற்றிப் பிழைக்கும் ஒரு பிக்கப் வண்டியை, நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் பாயும் டிராக் ரேஸுக்குக் கொண்டுபோனதில் எனக்கு ஆன நட்டம் 1,16,800 ரூபாய். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், சம்பா அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றினால் எத்தனை நாளில் அந்தத் தொகையைச் சம்பாதிக்க முடியும் என்பது அறுவடை லோடு அடித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பணம் போனதைவிட, அதில் பாதிக்கு மேல் நானே தேடிப்போய்த் தவறான இடத்தில் கொட்டியது என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது. போட்டியின் நீளம் கால் மைல், அதாவது 402 மீட்டர். என் குறை முழுவதும் அதில் முதல் 18 மீட்டருக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. இதைப் பற்றித் தமிழில் விளக்கிச் சொல்ல அப்போது ஆள் கிடைக்கவில்லை என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஜனவரி மாதம், பொங்கல் கழிந்த கையோடு, என் மச்சான் ஒரு செய்தியோடு வந்தார். வெளிமாவட்டத்தில் ஒரு தனியார் ஓடுதளத்தில் முறைப்படி அனுமதி பெற்று நடக்கும் டிராக் போட்டியில், சாலையில் ஓடும் பிக்கப் வண்டிகளுக்கும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள் என்றார். வண்டி காலியாக இருக்கும்போது முதல் கியரில் பின்சக்கரம் சுற்றுகிற அளவுக்கு அதில் வேகம் இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே ஒரு பெருமை உண்டு. சக்கரம் சுற்றுவது வேகத்தின் அடையாளம் என்று நினைத்ததுதான் முதல் தவறு. போட்டிக்குப் பத்து நாள் முன்பு, 28,000 ரூபாய் கொடுத்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை விசை கூடும்படி மாற்றி எழுதும் ரீமேப் செய்தேன். அதோடு நில்லாமல், பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்த அகலமான ஆல்-டெரெய்ன் டயர் இரண்டை ரிம்மோடு சேர்த்து 34,000 ரூபாய்க்கு வாங்கிப் பின்பக்கம் மாட்டினேன். ஆழமான பள்ளங்களும் உயரமான கட்டைகளும் கொண்ட அந்த டயர் சேற்றுக்கும் சரளைக்கும் உரியது. காய்ந்த தார்த்தளத்தில் அந்த ரப்பர்க் கட்டைகள் நின்ற இடத்திலேயே நெளிகின்றன. தளத்தைத் தொடும் ரப்பரின் பரப்பும் பள்ளங்களால் குறைந்துபோகிறது. காய்ந்த தளத்துக்குப் பாதி தேய்ந்த சாதாரண சாலை டயர் இதைவிட எவ்வளவோ மேல். கழற்றி வைத்திருந்த என் பழைய டயரே போதுமானதாக இருந்தது என்பதை ஜூன் மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

லோடு இருந்தால் சக்கரம் சுற்றாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. மழை பெய்த ஆற்றங்கரைச் சாலையில் காலி வண்டி தடுமாறும், பத்துச் சிப்பம் ஏற்றிவிட்டால் கப்பென்று பிடித்துக்கொண்டு போகும். அந்த அனுபவத்தை நம்பி, எட்டுச் சிப்பம் நெல்லைப் பின்தட்டில் போட்டுக்கொண்டே போட்டிக்குப் போனேன். சிப்பத்துக்கு 40 கிலோ, ஆக 320 கிலோ. வண்டியைச் சோதனை செய்தவர் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இது கொள்முதல் நிலையம் இல்லை, இறக்கி வைங்க" என்றார். கட்டப்படாத எடை எதுவும் டிராக் போட்டியில் அனுமதிக்கப்படாது. 1951 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட என்எச்ஆர்ஏ என்ற டிராக் ரேஸ் அமைப்பின் விதிகளிலேயே மணல் மூட்டை, தண்ணீர், கல் போன்ற தளர்வான எடைக்குத் தடை இருக்கிறது. கூடுதல் எடை எதுவாயினும் வண்டியின் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். காரணம் எளிது. திடீரென்று பிரேக் போட்டால் 40 கிலோ மூட்டை ஓட்டுநரின் முதுகுப்பக்கம்தான் வந்து மோதும். எட்டுச் சிப்பத்தையும் ஒரு மரத்தடியில் அடுக்கிவிட்டு, காலி வண்டியோடு வரிசையில் நின்றேன். அன்று மாலை திரும்பிப் பார்த்தபோது ஒரு சிப்பத்தை மாடு கிழித்திருந்தது.

முதல் ஓட்டத்தில், காணொளிகளில் பார்த்ததுபோல, தண்ணீர் ஊற்றிய இடத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரத்தைப் புகை வரும்வரை சுற்றவிட்டேன். இதில் இரண்டு தவறுகள் இருந்தன. அந்தத் தண்ணீர், பள்ளமே இல்லாத ரேஸ் டயருக்காக வைத்தது. பள்ளமுள்ள சாலை டயர் அந்தத் தண்ணீரைத் தன் பள்ளங்களிலும், சக்கர வளைவின் உட்புறத்திலும் ஏந்திக்கொண்டு தொடக்கக் கோட்டில் கொண்டுபோய்ச் சொட்டவிடும். சாலை டயர் போட்ட வண்டி தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது தவறு, சாலை டயரின் ரப்பர் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் மேற்பரப்பு எண்ணெய் தடவியதுபோல வழுக்கத் தொடங்கும். ஒட்டியிருக்கும் மண்ணும் சிறுகல்லும் உதிரும் அளவுக்கு ஒரு வினாடியோ இரண்டு வினாடியோ சுற்றவிட்டால் போதும். நான் ஏழெட்டு வினாடி சுற்றவிட்டேன். பச்சை விளக்கு எரிந்ததும் சக்கரம் சுற்றியது, சத்தம் வந்தது, வண்டி மட்டும் நகர யோசித்தது. நேரச் சீட்டில் முதல் 60 அடிக்கு 3.7 வினாடி, முழு ஓட்டத்துக்கு 20.7 வினாடி என்று இருந்தது. பக்கத்துத் தடத்தில் ஓடிய, ரீமேப் எதுவும் செய்யாத அதே அளவு வண்டி என்னைவிட ஒரு வினாடிக்குமேல் முன்னால் போய்விட்டது. வேகம் போதவில்லை என்று முடிவுகட்டி, இரண்டாம் ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்துக் கிளட்சைச் சட்டென்று விட்டேன். 21 வினாடி ஆனது.

அந்தச் சீட்டை எப்படிப் படிப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. நேரக் கணக்கு பச்சை விளக்கு எரியும்போது தொடங்குவதில்லை. முன்சக்கரம் தொடக்கக் கோட்டிலுள்ள ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது. விளக்கைப் பார்த்து எவ்வளவு சீக்கிரம் கிளம்பினோம் என்பது தனிக் கணக்கு. ஆகவே, 60 அடி நேரம் என்பது ஓட்டுநரின் சுறுசுறுப்பைக் காட்டுவதில்லை, வண்டி தளத்தைப் பிடித்த பிடியை மட்டுமே காட்டுகிறது. அங்கே இழக்கும் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு, கோட்டின் மறுமுனையில் அதைவிடப் பெரிய இழப்பாகவே வந்து நிற்கும். என் சீட்டில் 60 அடிக்குப் பிறகான பகுதி பக்கத்து வண்டியைவிட மோசமாக இல்லை. அதை அன்றே கவனித்திருந்தால் மூன்றாம் முறை ஓடாமலே வீடு திரும்பியிருப்பேன்.

மூன்றாம் ஓட்டத்துக்குள் டயர் ஆறியிருந்தது, முன்னால் ஓடியவர்கள் தேய்த்துவிட்டுப்போன ரப்பரும் தளத்தில் படிந்திருந்தது. கிளட்சை விட்டதும் சக்கரம் இந்த முறை பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. பின்பக்கம் முழுவதும் உரலில் உலக்கை விழுவதுபோல் தட தடவென்று எகிறியது. காலை எடுத்திருக்க வேண்டிய நொடியில் நான் இன்னும் அழுத்தினேன். ஒரு பெரிய சத்தத்தோடு எல்லாம் அடங்கியது. இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. இன்ஜின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்பான கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தொங்கியது, பின் ஆக்சிலை ஸ்பிரிங் பட்டைகளோடு பிடிக்கும் யூ போல்ட்டில் இரண்டு இழுபட்டு நீண்டிருந்தன, பட்டைகளின் நடு போல்ட் அறுந்து ஆக்சில் ஒரு பக்கம் விலகியிருந்தது. நாலு பேர் தள்ளிக்கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. மச்சான் வேலை இருக்கிறது என்று மதியமே கிளம்பிப் போயிருந்தார். இழுவை வண்டிக்கு 14,500 ரூபாய் பேசி, இரவு முழுவதும் அந்த ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழரைச் சிப்பம் நெல்லோடு விடியற்காலையில் ஊர் வந்து சேர்ந்தேன். அப்பாவிடம் வழியில் கிராஸ் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். உதிரிபாகமும் லேத் வேலையும் 17,800 ரூபாய். வண்டி பட்டறையில் நின்ற ஒன்பது நாளும் ஊரே அறுவடையில் இருந்தது. ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 22,500 ரூபாய் வாடகை கண்ணெதிரே வேறு வண்டிகளுக்குப் போனது.

வண்டியைச் சரிசெய்தவர் டிராக்டர் மெக்கானிக். நான் சொன்ன கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "வண்டிக்கு டாப் லிங்க் இல்லாம ஓட்டிருக்கீங்க தம்பி" என்றார். எனக்கு விளங்கவில்லை. டிராக்டரின் பின்னால் கலப்பையை மூன்று புள்ளிகளில் மாட்டுகிறோம். கீழே இரண்டு கைகள் இழுக்கின்றன, மேலே இருக்கும் டாப் லிங்க் கலப்பை உருண்டு திரும்பாமல் பிடிக்கிறது. அதேபோல, பின் ஆக்சில் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, ஆக்சிலின் கூடு எதிர்த்திசையில் உருள முயல்கிறது. அதன் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் முனை, மேலே எழும்பும். பிக்கப் வண்டியில் அதைத் தடுப்பதற்கு என்று தனியாக எந்தக் கையும் கிடையாது. பட்டை ஸ்பிரிங் ஒன்றே எடையையும் தாங்கி, ஆக்சிலையும் இடத்தில் நிறுத்தி, இந்த முறுக்கையும் ஏற்க வேண்டும். முறுக்கு அதிகமானால் பட்டை பாம்புபோல நெளிகிறது. நெளிந்த பட்டை நிமிரும் நொடியில் சக்கரம் தளத்திலிருந்து எழும்புகிறது, பிடி விட்டதும் முறுக்கு குறைந்து சக்கரம் விழுகிறது, விழுந்ததும் பிடிக்கிறது, மறுபடி நெளிகிறது. நான் கேட்ட தட தட சத்தம் அதுதான். சக்கரம் காற்றில் வேகமாகச் சுழன்று, சட்டென்று தளத்தில் பதியும் அந்த அடியை முழுவதும் வாங்குவது கிராஸும் யூ போல்ட்டும். ஆகவே, பின்பக்கம் எகிறத் தொடங்கினால் அந்த ஓட்டம் முடிந்தது என்று காலை எடுத்துவிடுங்கள். பின்பக்கத்தை உயர்த்துவதற்காகப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தக் கட்டையின் உயரம் முறுக்கும் விசைக்கு நெம்புகோலாகிறது.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான், இன்ஜினை விட்டுவிட்டு எடையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அரிசி ஆலையின் எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் எடை பார்த்தேன். என்னையும் சேர்த்து முன்னால் 1,040 கிலோ, பின்னால் 760 கிலோ. ஓட்டும் சக்கரம் பின்னால் இருக்கிறது, எடை முன்னால் இருக்கிறது. வண்டி பாயும்போது எடை பின்னால் சாயும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்த எடையை முடுக்கத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் பின்னால் மாறும் எடை கிடைக்கும். 1,800 கிலோ வண்டி, ஈர்ப்பில் 0.4 பங்கு முடுக்கம், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 0.7 மீட்டர் உயரம், ஆக்சில் தூரம் 3 மீட்டர் என்று போட்டால் 168 கிலோ வருகிறது. ஆக, கிளம்பும்போது பின்சக்கரங்களின் மேல் இருப்பது 928 கிலோ. காய்ந்த நல்ல தளத்தில் அதில் பத்தில் எட்டுப் பங்கு பிடிமானம் என்று வைத்தால் 742 கிலோ உந்துதலுக்குமேல் அந்த டயர்களால் தளத்துக்குக் கடத்த முடியாது. என் வண்டி முதல் கியரில் சக்கர விளிம்பில் தரும் உந்துதல் 1,000 கிலோவைத் தாண்டுகிறது. இரண்டாம் கியரில் அது 700 கிலோ அளவு. கைவசம் இருந்த விசையையே தளம் வாங்கிக்கொள்ளாதபோது, 28,000 ரூபாய் கொடுத்து மேலும் விசை வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு புதிரும் அப்போதுதான் அவிழ்ந்தது. போட்டியில் நான் கிளம்பிய இடத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடுதான் இருந்தது, அதுவும் வலப்பக்கச் சக்கரத்தின் கோடு. வலது டயர் மோசம் என்று எண்ணி, இரண்டாம் ஓட்டத்துக்கு முன்பு இரண்டு டயரையும் இடம் மாற்றிப் போட்டேன். மறுபடியும் கோடு வலப்பக்கமே விழுந்தது. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் தரும். ஒன்று பிடி விட்டுச் சுழன்றால் மற்றதற்கும் அந்தச் சொற்ப முறுக்குதான் கிடைக்கும். அதில் வலது சக்கரம் ஏன் முதலில் விடுகிறது என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலும் திசையில் ஆக்சில் கூட்டையும் சாய்க்கப் பார்க்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம் அழுந்தும், வலப்பக்கம் தூக்கும். 1960களில் கிறைஸ்லர் வண்டிகளுக்கென்று வந்த ரேஸ் பட்டைகளில் வலப்பக்கத்தில் கூடுதல் பட்டைகள் வைத்திருந்தது இதற்காகத்தான். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் அவர் எடை இதைச் சிறிது ஈடுகட்டுகிறது, ஆனால் என் 64 கிலோ அதற்குப் போதவில்லை. ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் பெரிதும் தீரும் என்றாலும், அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

மே மாதக் கடைசியில், மேட்டூர் அணை திறப்பதற்கு முன்பு, எங்கள் பகுதியில் அரிசி ஆலைகளின் களங்கள் காலியாகக் கிடக்கும். தெரிந்த ஆலை முதலாளியிடம் கெஞ்சி, 150 அடி நீளமுள்ள சிமென்ட் களத்தைக் காலை நேரத்தில் வாங்கிக்கொண்டேன். சாலையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பொது இடத்தில் வேகப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவின்படி குற்றம். 60 அடிதான் வேண்டும் என்பதால் ஆளில்லாத ஒரு களமே போதும். முதல் வேலை பெருக்குவது. கண்ணுக்குத் தெரியாத தவிட்டுத் தூசி படிந்த களம் பனிக்கட்டிபோல வழுக்கும். முதல் நாள் எடுத்த நேரங்களை எல்லாம் இதனால் அடித்துப்போட்டேன். 60 அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கைப்பேசியை முக்காலியில் வைத்து, வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டக் காணொளியில் படங்களை எண்ணி நேரம் கணக்கிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று முறை ஓடி, நோட்டில் எழுதினேன்.

பழைய சாலை டயரைத் திரும்ப மாட்டியதும் காற்றில் தொடங்கினேன். முழு லோடுக்காக நான் பின்சக்கரத்தில் 65 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்திருப்பது வழக்கம். டயரின் குறுக்கே சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்துச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், காலி வண்டியில் நடுப்பகுதிக் கோடு மட்டுமே அழிந்திருந்தது. ஓரம் தளத்தைத் தொடவே இல்லை. 65 இல் 3.6 வினாடி, 45 இல் 3.5, 32 இல் 3.35. இந்த மூன்று எண்களுக்கு ஆன செலவு எதுவும் இல்லை. 26 க்கு இறக்கியபோது நேரம் முன்னேறவில்லை, வண்டியின் பின்பக்கம் மட்டும் அசைந்தாடியது. லோடு டயரின் பக்கச்சுவர் தடிமனானது என்பதால் காற்றைக் குறைப்பதால் வரும் பயனுக்கு ஓர் எல்லை இருக்கிறது. மேலும் குறைத்தால் டயர் ரிம்மில் வழுக்கும். இந்தக் காற்றோடு வீட்டுக்கு ஓட்டிவரக் கூடாது, ஒரு சிப்பம்கூட ஏற்றக் கூடாது. அன்று முதல் கையால் அடிக்கும் பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கிறது.

அடுத்தது எடை. ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனம் கொண்ட இரும்புத் தகடு 94 கிலோ இருக்கும். பழைய இரும்புக் கடையில் எடுத்து, பின் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால், வலப்பக்கம் தள்ளி, சேஸின் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். ஆக்சிலுக்குப் பின்னால் வைப்பதால் அது முன்பக்கத்தைச் சிறிது தூக்கி, 94 கிலோ தகடு பின்சக்கரத்துக்கு 113 கிலோவாக விழுகிறது. இப்படியே எடையை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். கூடுதல் எடையையும் அதே இன்ஜின்தான் 402 மீட்டருக்கு இழுக்க வேண்டும், முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங்கும் கை நழுவும். சேற்றில் சிக்கிய டிராக்டர் முன்பக்கம் தூக்கிக் கவிழ்ந்த கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு நேரம் 3.3 ஆனது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன டாப் லிங்க் 3,800 ரூபாயில் முடிந்தது. 50 மில்லிமீட்டர் சதுரக் குழாயை இரண்டு பக்கமும் ஆக்சிலின் கீழ்த்தட்டில் யூ போல்ட்டோடு சேர்த்துப் பிணைத்து, முன்னோக்கி நீட்டி, பட்டையின் முன்கண்ணுக்கு, அதாவது பட்டை சேஸோடு சேரும் முன்முனை வளையத்துக்கு, நேர்கீழே ஒரு ரப்பர்க் கட்டையோடு முடித்தோம். ஆக்சிலின் மூக்கு எழும்பும்போது இந்தக் குழாயும் எழும்பி, ரப்பர் முன்கண்ணில் முட்டி நின்றுவிடும். பட்டை நெளிய இடமில்லை. இடைவெளி 10 மில்லிமீட்டர் வைத்தோம். அதிகம் விட்டால் முட்டும்போது அடியாக விழும். சுத்தமாக இடைவெளி இல்லாவிட்டால் பட்டை வேலை செய்யாது. ஒன்றை மட்டும் நாங்கள் முதலில் யோசிக்கவில்லை. லோடு ஏற்றினால் ஆக்சில் மேலேறி அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. 35 சிப்பத்தோடு ஒரு நாள் ஓட்டியபோது வண்டி பலகைபோல விறைத்துக் குதித்தது. அதற்குப் பிறகு லோடுக்குப் போகும் முன் ரப்பரைக் கழற்றிவிடுகிறேன், இரண்டே போல்ட்தான். குழாய் பொருத்திய பிறகு ஒரு முறைகூடப் பின்பக்கம் எகிறவில்லை. நேரம் 3.2.

கடைசியாக என் கால். இரண்டாம் கியரின் உந்துதல் தளத்தின் எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பதைக் கணக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தும், இரண்டாம் கியரில் கிளம்புவது மானக்கேடு என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். டர்போ டீசல் என்பதால் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே விட்டால் இன்ஜின் மூச்சடைத்து நிற்கும். 2,200 வரை ஏற்றிவைத்து, கிளட்சை ஒரே மூச்சில் விடாமல், வண்டி நகரத் தொடங்கும் இடத்தில் ஒரு நொடி பிடித்து, பிறகு விட வேண்டும். டயர் சிறிதும் வழுக்காமல் இருப்பதும் நல்லதல்ல. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வழுக்கும்போதுதான் பிடி உச்சத்தில் இருக்கிறது. சக்கரம் மெலிதாக முனகும், கூவாது. 60 அடிக்குள் கியர் மாற்ற வேண்டியதும் இல்லை என்பதால் 3.1 வினாடிக்கு வந்தேன். இதற்கு விலை கிளட்ச். ஒவ்வொரு முறைக்கும் பிறகு பத்து நிமிடம் ஆறவிட வேண்டும், கருகல் வாசனை வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் மறுபடி போனேன், இந்த முறை அப்பாவிடம் சொல்லிவிட்டு. போகும் முன் காப்பீட்டுத் தாளை முழுவதும் படித்தேன். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஜனவரியில் படித்திருந்தால் இழுவை வண்டியில் உட்கார்ந்துகொண்டு அந்த அலுவலகத்துக்கு நாலு முறை போன் போட்டிருக்க மாட்டேன். சோதனை செய்தவர் அதே ஆள். தகட்டின் போல்ட்டை ஸ்பேனர் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டு, "நெல்லு எங்க தம்பி?" என்றார். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு வினாடி சக்கரத்தைச் சுழற்றி, தொடக்கத்தில் இருக்கும் இரண்டு ஒளிக்கற்றைகளில் முதலாவதில் நின்று, கோட்டிலுள்ள இரண்டாவதை மெல்லத் தொட்டதும் நிறுத்தினேன். நன்றாக முன்னால் ஏறி நின்றால், கற்றையை விட்டு விலகும் முன் கிடைக்கும் சிறிது தூரத்து ஓட்டம் வீணாகும். 60 அடி 3.15, முழு ஓட்டம் 20 வினாடிக்குச் சற்றுக் கீழே, 19.9. பிரிவில் நான் ஐந்தாவது. ஜனவரியில் என்னை முந்திய அந்த வண்டி இந்த முறை முதல் 60 அடி வரை என் பின்னால் வந்தது, பிறகு முந்திக்கொண்டு போனது.

ஓரமாக நிறுத்திக் காற்றை 65 க்கு ஏற்றி, தகட்டையும் ரப்பரையும் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை நானே ஓட்டிக்கொண்டு இரவோடு இரவாக ஊர் வந்தேன். இடது குழாயின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் ஒன்று இருக்கிறது, அதை இன்னும் பார்க்க வேண்டும். மறுவாரம் ஆலை முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. குறுவை நெல் களத்துக்கு வரப்போகிறது, சிமென்ட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிகின்றன, எவ்வளவு பெருக்கியும் போகவில்லை, ரப்பர் வாடை நெல்லில் ஏறினால் யார் பதில் சொல்வது என்று கத்தினார். சலவைத்தூளும் தென்னந்துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். தேய்த்துக் கழுவுவதற்கு முன்பு ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.